நாகர்கோவிலில் ஜாஸ்–செவ்வியல் கூட்டு இசைத்தொகுப்பைப் பதிவு செய்தல்: முழுமையான வழிகாட்டி

நாகர்கோவிலைச் சுற்றி ஜாஸ் வாசிக்கிறவர்களை எல்லாம் திரட்டினால் ஒரே வேனில் ஏற்றிவிடலாம். அவர்களிலும் பெரும்பாலோர் ஞாயிறு காலை ஆராதனையில் கீபோர்டோ பாஸ் கிட்டாரோ வாசித்துவிட்டு, மாலையில் யாராவது ஒருவர் வீட்டு மாடியில் கூடுகிறவர்கள். செவ்வியல் இசை கற்றவர்களுக்கோ குமரி மாவட்டத்தில் குறைவே இல்லை. ஞானப்பாட்டை நான்கு குரல்களாகப் பிரித்துப் பாடும் பாடகர் குழுக்கள், பிள்ளைகளை வயலின் கிரேடு தேர்வுகளுக்குத் தயார் செய்யும் ஆசிரியைகள், இரட்சணிய சேனையின் பித்தளை வாத்தியக்காரர்கள், தலைமுறையாகக் கர்நாடக சங்கீதம் பாடும் குடும்பங்கள் எனப் பல வழிகளில் வந்தவர்கள் இங்கே அக்கம்பக்கத்தில் வாழ்கிறார்கள். ஆகவே ஒரு ஜாஸ் குழு இவர்களோடு சேர்ந்து ஒரு தொகுப்பைப் பதிவு செய்ய விரும்பினால், ஆள் கிடைப்பது கடினமன்று. வந்தவர்களை ஒரே காலப்பிரமாணத்தில் உட்கார வைப்பதே கடினம்.

பியானோ, பாஸ், டிரம்ஸ், சாக்ஸபோன் என நான்கு ஜாஸ் கலைஞர்கள், இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ என நான்கு தந்தி வாத்தியக்காரர்கள், ஒரு பாடகி. இந்த ஒன்பது பேரைக் கொண்டு சுமார் 40 நிமிடத் தொகுப்பொன்றை உருவாக்குவதை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். எங்கள் குழு இதை இரண்டு முறை செய்தது. முதல் முறை பதிவானது எதுவும் வெளிவரவில்லை. அதற்கான காரணங்களை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

படி 1: யார் யாரிடம் போவது என்று முடிவு செய்யுங்கள்

இத்தகைய கூட்டு முயற்சிகள் உலகில் பல வகையாக நடந்திருக்கின்றன. 1949-இல் சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கர் தந்தி வாத்தியங்களோடு பதிவு செய்தபோது, தந்திகள் பின்னணியில் எழுதியதை வாசிக்க, அவர் முன்னால் தம் மனோதர்மப்படி பறந்தார். 1959-இல் பாரிசில் ஜாக் லூசியே வேறொரு வழியைப் பிடித்தார். செவ்வியல் கலைஞர் ஒருவரையும் சேர்க்காமல், பியானோ, பாஸ், டிரம்ஸ் ஆகிய மூன்றை மட்டும் கொண்டு செவ்வியல் இசையமைப்பாளர் பாக்கின் இசையை ஜாஸாக வாசித்தார். 1960-இல் வெளிவந்த மைல்ஸ் டேவிஸின் ஸ்பானிய இசைத் தொகுப்பில், கில் எவன்ஸ் பெரியதொரு குழுவுக்கு ஒவ்வொரு ஸ்வரத்தையும் எழுதிக் கொடுத்தார். டிரம்பெட் மட்டும் அந்த எழுத்துக்குள் சுதந்திரமாக நடமாடியது. இரண்டு மரபுகளும் சமமாகக் கலந்த மூன்றாவது ஓடை ஒன்று இருக்க முடியும் என்று கன்தர் ஷுல்லர் 1957-இல் ஒரு சொல்லையே உருவாக்கினார். நம் நாட்டில் 1986-இல் இளையராஜா பாக்கையும் கர்நாடக ராகங்களையும் ஒரே தொகுப்பில் சந்திக்க வைத்தார்.

இவற்றில் எது உங்கள் வழி என்பதை ஒரு மைக் வாங்குவதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டும். என் தீர்ப்பு இது: முதல் தொகுப்பில் தந்தி வாத்தியக்காரர்களை ஸ்விங் செய்யச் சொல்லாதீர்கள். ஜாஸில் அடுத்தடுத்து வரும் இரண்டு அரைக்கால ஸ்வரங்கள் சமமாக விழுவதில்லை. மிதமான வேகத்தில் முதலாவது ஏறக்குறைய இரண்டு பங்கும் அடுத்தது ஒரு பங்கும் எடுத்துக்கொள்ளும். வேகம் கூடக் கூட இந்த ஏற்றத்தாழ்வு குறைந்து சமமாகும். இது காதால் ஆண்டுக்கணக்கில் உள்ளே இறங்கும் பழக்கம். மேலும், வில் தந்தியில் பட்டு ஒலி முழுதாக எழ ஒரு கணம் பிடிக்கும். டிரம்ஸின் சிம்பலில் அந்தத் தாமதம் இல்லை. ஸ்விங் பழகாத வில்லையும் ஸ்விங் வாசிக்கும் டிரம்ஸையும் சேர்த்துவிட்டால், வயலின்கள் எப்போதும் பேருந்தை விட்டுவிட்டு ஓடிவருகிறவர்களைப் போலவே கேட்கும். எங்கள் முதல் முயற்சி வீணானதற்குப் பாதிக் காரணம் இதுதான். எழுதியதை எழுதியபடி நேராக வாசிக்கத் தந்திகளை விட்டுவிட்டு, ஜாஸ் கலைஞர்கள் அதைச் சுற்றி அசையட்டும்.

படி 2: உருப்படிகளைத் தேர்ந்தெடுத்தல்

நல்ல மெட்டு என்பதற்காக எதையும் எடுக்காதீர்கள். மீண்டும் மீண்டும் சுழன்று வரும் அடித்தளம் உள்ள உருப்படியாகப் பாருங்கள். ஜாஸ் கலைஞர் தனி வாசிக்க ஒரு வட்டம் வேண்டும். பாக்கின் கோல்ட்பர்க் மாறுபாடுகளில் தொடக்கப் பாட்டு 32 பார்கள், அதாவது தாள அளவுகள், கொண்டது. பின்வரும் 30 மாறுபாடுகளும் அதே பாஸ் அடித்தளத்தின் மேல்தான் எழும்புகின்றன. ஜாஸின் பழம்பாடல்களில் பெரும்பாலானவையும் 32 பார் வட்டங்களே. 1741-இல் அச்சான ஓர் உருப்படி நம் டிரம்ஸ்காரருக்குக் கைப்பழக்கமான அளவில் இருப்பது எனக்கு இன்னும் வியப்பாகத்தான் இருக்கிறது.

எங்கள் தொகுப்பின் மையத்தில் மூன்று உருப்படிகள் இருந்தன. ஒவ்வொன்றும் வேறு பாடம் கற்றுக்கொடுத்ததால் சற்று நின்று சொல்கிறேன்.

முதலாவது, ஹென்றி பர்செல்லின் டிடோ அரசியின் புலம்பல். இதன் பாஸ் வரி ஜி-யில் தொடங்கி அரை அரை ஸ்வரமாகக் கீழிறங்கி டி-க்கு வந்து, பிறகு ஜி-யில் போய் முடியும். அந்த இறக்கத்தை நம் மொழியில் சொன்னால் மேல் ஸட்ஜம், காகலி நிஷாதம், கைசிகி நிஷாதம், சதுச்ருதி தைவதம், சுத்த தைவதம், பஞ்சமம். இரண்டு நிஷாதங்களும் இரண்டு தைவதங்களும் அடுத்தடுத்து வருவதைப் பார்த்து, கர்நாடக சங்கீதம் கற்ற எங்கள் பாடகி முதலில் தாளையே திருப்பித் தந்துவிட்டார். சிக்கல் அதோடு நிற்கவில்லை. அந்தப் பாஸ் வரி 5 பார் நீளம். நான்கும் எட்டுமாக எண்ணிப் பழகிய ஜாஸ் கலைஞர்கள் மூன்றாவது சுற்றிலேயே தடுமாறுவார்கள். பாடகியின் வரியோ பாஸின் தொடக்கத்தில் தொடங்காமல் நடுவில் புகுந்து வேறிடத்தில் முடியும். இதற்கு நாங்கள் கண்ட மருந்து எளியது. ஒவ்வொருவருடைய தாளிலும் ஒரு வரிக்கு 5 பார் மட்டும் எழுதினோம். தனி வாசிப்பின் முதல் இரண்டு சுற்றுகளில் பாஸ்காரர் ஒரு ஸ்வரத்தையும் மாற்றக் கூடாது என்று விதித்தோம். கண் வரியின் முடிவைப் பார்க்கும். காது ஸட்ஜத்தில் வந்து இறங்கும். அதன் பிறகு யாரும் எண்ணவில்லை.

இரண்டாவது, எரிக் சாட்டியின் முதல் ஜிம்னோபெடி. 1888-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தொடக்கத்தில் ஜி மேஜர் செவன்த், டி மேஜர் செவன்த் என்று இரண்டே கார்ட்கள் (ஒருசேர ஒலிக்கும் ஸ்வரத் தொகுதிகள்) மாறி மாறி ஊஞ்சலாடும். முதல் 4 பார்களுக்கு மெட்டே கிடையாது. ஜாஸ் கலைஞருக்கு இதைவிட நல்ல வரவேற்பு எங்கும் கிடைக்காது. ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. வெற்றிடம் நிறைய இருப்பதால் பியானோக்காரர் அதை நிரப்பத் தொடங்குவார். நிரப்பினால் உருப்படி செத்துவிடும். டிரம்ஸில் குச்சியை எடுக்காமல் பிரஷ் மட்டும் பயன்படுத்துங்கள். சாக்ஸபோன் ஒரே ஒரு சுற்று வாசித்துவிட்டு விலகட்டும்.

மூன்றாவது நம் மண்ணைச் சேர்ந்தது. பத்மநாபபுரத்தோடு பெயர் பிணைந்த நீலகண்ட சிவன் (1839–1900) இயற்றிய பூர்வீகல்யாணி ராகக் கீர்த்தனை, ‘ஆனந்த நடமாடுவார் தில்லை’. ராகத்துக்குக் கார்ட் வைப்பது பெரும்பாலும் ராகத்தைக் கொல்லும் வேலை. ஆனால் பூர்வீகல்யாணிக்குள் ஓர் அரிய வசதி ஒளிந்திருக்கிறது. ஸட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம் சேர்ந்தால் ஒரு மேஜர் கார்ட். சதுச்ருதி தைவதத்தின் மேல் சுத்த ரிஷபத்தையும் அந்தர காந்தாரத்தையும் வைத்தால் இன்னொரு மேஜர் கார்ட். ஸட்ஜம் ஜி என்றால் ஜி மேஜரும் இ மேஜரும். ராகத்துக்கு வெளியே ஒரு ஸ்வரம்கூடப் போகாமல் ஜாஸ் காதுக்குப் பிடித்த ஒரு மோதல் கிடைத்துவிடுகிறது. இருந்தாலும் ஸ்வரத்துக்கு ஸ்வரம் கார்ட் மாற்றாதீர்கள். ஓர் ஆவர்த்தனத்துக்கு ஒன்று போதும். பாடகி ரிஷபத்தில் கமகத்தோடு நிற்கும் இடங்களில் பியானோ கையை எடுத்துவிட வேண்டும். கட்டை விரலுக்கும் சுட்டு விரலுக்கும் இடையில் பியானோவில் அந்த அசைவுக்கு இடமே இல்லை.

எங்கள் பாடகிக்கு 5 கட்டை, அதாவது ஜி. பர்செல்லின் புலம்பலும் ஜி மைனர். சாட்டியும் ஜி கார்டில்தான் தொடங்குகிறார். இது தற்செயல். ஆனாலும் மூன்று உருப்படிகளையும் அடுத்தடுத்து வைத்தபோது தம்பூரா ஒன்று அடியில் ஓடுவதைப் போன்ற ஓர்மை தானாக வந்தது. நீங்களும் பாடுகிறவரின் சுருதியிலிருந்தே தொடங்குங்கள். கர்நாடக சங்கீதம் கற்றவரைப் பாட்டுக்குப் பாட்டு ஆதார ஸட்ஜத்தை மாற்றச் சொல்வது நியாயமன்று. ஆல்டோ சாக்ஸபோன்காரர் தம் தாளில் ஜி-யை இ-யாக எழுதிக்கொண்டு சமாளித்துக்கொள்வார்.

வில்லுப்பாட்டையும் சேர்க்கலாமே என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். அது தனித் தொகுப்புக்கான பொருள். ஊரின் எல்லாப் பெருமைகளையும் 40 நிமிடத்தில் திணிக்க முயலாதீர்கள்.

படி 3: உரிமைகளைப் பார்த்தல்

இதை இசையை எழுதுவதற்கு முன்பே செய்ய வேண்டும். 1957-ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, இசையமைப்பாளர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் அவருடைய படைப்புக்குப் பாதுகாப்பு உண்டு. பர்செல், பாக், 1925-இல் இறந்த சாட்டி, 1937-இல் இறந்த ரவேல் ஆகியோரைத் தடையின்றி எடுக்கலாம். நீலகண்ட சிவன் 1900-இல் மறைந்ததால் அவர் படைப்பும் பொதுவுடைமை, அதாவது யாரும் எடுக்கலாம். பாபநாசம் சிவன் 1973-இல் மறைந்தார். அவர் கீர்த்தனைகளுக்கு 2033 முடியும்வரை உரிமை இருக்கிறது. இரண்டு சிவன்களையும் குழப்பிக்கொண்டு அனுமதியில்லாமல் பதிவு செய்துவிடாதீர்கள். ஐரோப்பாவில் இந்தக் காலம் 70 ஆண்டுகள் என்பதால், இணையத்தில் உலகம் முழுவதற்கும் வெளியிடுகிறவர்கள் அதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

உரிமை உள்ள பாடலை உரியவரின் நேரடி அனுமதி இல்லாமலே பதிவு செய்யச் சட்டத்தின் 31சி பிரிவு ஒரு வழி தருகிறது. முதல் ஒலிப்பதிவு நடந்த ஆண்டு முடிந்து 5 ஆண்டுகள் கழித்து, முன்னறிவிப்புக் கொடுத்து, ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான உரிமைத்தொகையைச் செலுத்தினால் மறுபதிவு செய்யலாம். ஆனால் தொழில்நுட்பத் தேவைக்கு மேல் இசையை மாற்றக் கூடாது என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. மெட்டைப் பிரித்துப் போட்டுத் தனி வாசிக்கும் ஜாஸுக்கு அந்த வாசல் பொருந்தாது. உரியவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அல்லது பொதுவுடைமையானதை எடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. படைப்பு பொதுவுடைமை ஆனாலும், அண்மையில் அச்சான பதிப்புக்கும் யாரோ எழுதி வெளியிட்ட ஸ்வரக் குறிப்புக்கும் தனி உரிமை இருக்கலாம். பாக்குக்கு 1851 முதல் 1899 வரை வெளிவந்த பழைய முழுப் பதிப்பு இணையத்தில் கிடைக்கிறது. கீர்த்தனைக்குப் பாடகி தம் ஆசிரியரிடம் கற்ற பாடத்தையே ஆதாரமாகக் கொள்வது நல்லது.

படி 4: ஸ்கோர் (வாசிக்க வேண்டிய இசைத் தாள்) எழுதுதல்

ஒத்திகையின் முதல் நாள், இரண்டாவது வயலின் வாசித்த ஆசிரியை, கார்ட் பெயர்கள் மட்டும் எழுதியிருந்த எங்கள் தாளைப் பார்த்துவிட்டு அமைதியாகச் சொன்னார்: “தம்பி, எங்க நிக்கணும், எங்க போணும்னு தாள்ல எழுதித் தந்திருங்க. மிச்சத்த நாங்க பாத்துக்கிடுவோம்.” அன்றிரவே எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதினேன்.

தந்தி வாத்தியங்களுக்கு ஒவ்வொரு ஸ்வரமும், வில் மேலேயா கீழேயா என்பதும், ஒலியளவும் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஜாஸ் நால்வருக்குக் கார்ட் பெயர்கள் போதும். ஆனால் தந்திகள் என்ன வாசிக்கின்றன என்பதைச் சிறிய எழுத்தில் அவர்கள் தாளிலும் காட்டுங்கள். மேடையில் தனி வாசிப்பு எத்தனை சுற்றானாலும் போகலாம். பதிவில் அதை நிர்ணயித்துவிட வேண்டும்: சாக்ஸபோன் இரண்டு, பியானோ இரண்டு, தந்திகள் நுழையும் இடம் ‘உ’ என்று எல்லாத் தாளிலும் ஒரே எழுத்து. சுற்றைத் திறந்து வைக்கத்தான் வேண்டுமென்றால், பியானோக்காரர் ஓர் அடையாள வரியை வாசித்ததும் அடுத்த பாரில் தந்திகள் நுழைய வேண்டும் என்று எழுதுங்கள். கண்ணசைவை நம்பாதீர்கள், வயலின்காரரின் கண் தாளில் இருக்கும்.

பியானோவே பெரும்பாலும் குற்றவாளி. வியோலாவும் இரண்டாவது வயலினும் உலவும் நடு ஸ்தாயியில்தான் ஜாஸ் பியானோக்காரரின் இடது கையும் பழகியிருக்கும். தந்திகள் ஒரு கார்டின் மூன்றாவது, ஏழாவது ஸ்வரங்களைப் பிடித்திருக்கும்போது பியானோ அவற்றைத் திரும்பச் சொன்னால் சேறுதான் மிஞ்சும். தந்திகள் உள்ள பகுதிகளில் ‘மேல் ஸ்தாயி மட்டும்’ அல்லது ‘வாசிக்க வேண்டாம்’ என்று பியானோத் தாளில் வெளிப்படையாக எழுதினேன். பியானோக்காரருக்கு ஒரு வாரம் என்னோடு பேச்சில்லை. ஒலியைக் கேட்ட பிறகு சமாதானமானார்.

படி 5: ஒத்திகையும் ஒப்பந்தமும்

தந்தி நால்வர் தனியாக இரண்டு முறை, ஜாஸ் நால்வர் தனியாக இரண்டு முறை, அனைவரும் சேர்ந்து மூன்று முறை என்பது குறைந்த அளவு. சேர்ந்த ஒத்திகையில் ஒரு முறையாவது டிரம்ஸ் இல்லாமல் வாசித்துப் பாருங்கள். டிரம்ஸைப் பிடித்துக்கொண்டு நடப்பவர்கள் யார் என்பது உடனே தெரிந்துவிடும்.

ஊதியத்தையும் உரிமையையும் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். உரிமை மாற்ற ஒப்பந்தத்தில் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், எல்லையைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஒலிப்பதிவுக் கூடத்தோடும் தனி ஒப்பந்தம் வேண்டும். எங்கள் முதல் பதிவின்போது, பெயர் வேண்டாம், ஒரு கூடத்தில் வாய்ப்பேச்சை நம்பிப் பதிவு செய்தோம். முடிவில் கலந்த ஸ்டீரியோக் கோப்பு ஒன்றைத் தந்துவிட்டு, தனித்தனி ட்ராக்குகள் தர முடியாது என்றார்கள். மூலக் கோப்புகள் யாருடையவை, எந்த நாளுக்குள் தரப்பட வேண்டும் என்ற இரண்டு வரிகள் இருந்திருந்தால் அந்த ஐந்து மாத உழைப்பு எங்கள் கையில் இருந்திருக்கும்.

படி 6: இடமும் நாளும்

இந்த மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம். தென்மேற்குப் பருவத்தில் குலசேகரம், திருவட்டார் பக்கம் ஓட்டுக் கூரையின் கீழ் பதிவு செய்ய நினைப்பது வீண். அதே மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் காற்று தோவாளைப் பக்கத்து ஜன்னல்களை எல்லாம் ஊதுகுழலாக்கிவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவம். நவம்பர் கடைசியில் கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழா தொடங்கும். அதைத் தொடர்ந்து கிறிஸ்துமஸ், சுசீந்திரம் மார்கழித் தேரோட்டம். பாடகர் குழுவினர் யாரும் அப்போது கிடைக்க மாட்டார்கள். மாசியில் மண்டைக்காடு கொடை, மார்ச்சில் பள்ளித் தேர்வுகள், பிறகு புனித வாரம். மிஞ்சுவது பொங்கல் முடிந்து பிப்ரவரி நடுப்பகுதி வரையிலான நான்கு வாரங்கள். காற்றில் ஈரப்பதமும் அப்போது ஒப்பளவில் குறைவு. தேதியை ஆறு மாதம் முன்பே குறித்துவிடுங்கள்.

இடத்தைப் பொறுத்தவரை, உயர்ந்த கூரையுள்ள ஆலயம் அழகாக எதிரொலிக்கும் என்று மயங்காதீர்கள். நடுவில் நின்று ஒரு முறை கை தட்டிப் பாருங்கள். ஒலி அடங்க இரண்டு விநாடிக்கு மேல் பிடித்தால், அது பாடகர் குழுவுக்கும் தந்திகளுக்கும் சொர்க்கம், டிரம்ஸுக்கு நரகம். ஒரு விநாடிக்குச் சற்றுக் குறைவாக அடங்கும் இடமே இரு தரப்புக்கும் பொது. தக்கலைப் பக்கத்தில், மர மச்சும் மரச் சுவரும் உள்ள ஒரு பழைய வீட்டின் பெரிய அறை எங்களுக்கு அமைந்தது. மரம் கூர்மையான ஒலியைத் தணித்துத் தரும்.

அறையைக் கேட்பதற்கென்றே ஒரு நாள் ஒதுக்கி, காலை 6 மணி முதல் இரவு 11 மணி வரை அங்கே உட்கார்ந்து, கேட்கும் சத்தங்களை நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் குறிப்பில் மீன்காரரின் ஹாரன் காலை 9:40-க்கு இருந்தது. அன்றாடம் ஐந்து நிமிடம்கூடப் பிசகவில்லை. சாட்டியின் கடைசி கார்டை 9:40-க்கு வைக்கக் கூடாது என்பது பதிவுக்கு முன்பே தெரிந்துவிட்டது. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு விதிக்கும் 2000-ஆம் ஆண்டு விதிகள் நமக்கு உதவும். தவளைகளை அந்த விதி கட்டுப்படுத்தாது.

பியானோதான் பெரிய கேள்வி. நல்ல நிலையிலுள்ள அக்கூஸ்டிக் பியானோ இங்கே அரிது. கடற்காற்றின் ஈரத்தில் சுருதி நிற்காது. கிடைத்தால், சுமார் 65 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருவனந்தபுரத்திலிருந்தாவது சுருதி சேர்ப்பவரை அழைத்து, பதிவு நாள் காலையிலேயே ஏ-யை 440 ஹெர்ட்ஸுக்குச் சேர்க்கச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் எடையுள்ள கட்டைகள் கொண்ட டிஜிட்டல் பியானோவே போதும். ஆனால் அதன் ஒலியை வயரில் மட்டும் எடுக்காமல், நல்ல ஸ்பீக்கர் ஒன்றின் வழியாக அதே அறையில் ஒலிக்கவிட்டு மைக்கிலும் எடுங்கள். அப்போதுதான் அது தந்திகளோடு ஒரே அறையில் இருப்பதாகக் கேட்கும்.

படி 7: மைக் வைத்தல்

ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறத்தாழ 3 மில்லி விநாடி ஆகும். பத்து மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் 30 மில்லி விநாடித் தாமதம். அதற்குள் ஸ்விங் சிதைந்துவிடும். ஒன்பது பேரையும் அரைவட்டமாக, பாஸுக்கும் டிரம்ஸுக்கும் நான்கு மீட்டருக்குள் உட்கார வையுங்கள். தந்திகளுக்கு முன்னால் இரண்டு மீட்டர் உயரத்துக்கு மேல், இரண்டு கார்டியாய்டு (முன்பக்க ஒலியையே அதிகம் வாங்கும்) மைக்குகளை 17 சென்டிமீட்டர் இடைவெளியில் 110 பாகை விரித்து வைத்தால் அறையின் இயல்பான பரப்பு கிடைக்கும். அதுவே உங்கள் முதன்மை ஒலி. மற்ற மைக்குகள் எல்லாம் அதற்குத் துணை.

டிரம்ஸுக்கு மேலே ஒன்று, பாஸ் டிரம்முக்கு ஒன்று போதும். எட்டு மைக் வைத்தால் டிரம்ஸ் மற்ற எல்லாரையும் விழுங்கிவிடும். அருகருகே உள்ள இரண்டு மைக்குகளுக்கு இடையிலான தூரம், ஒவ்வொன்றும் தன் வாத்தியத்திலிருந்து இருக்கும் தூரத்தைப் போல மூன்று மடங்காவது இருக்கட்டும். ரிப்பன் மைக் ஒன்று கிடைத்தால் சாக்ஸபோனுக்கு வையுங்கள். அதன் பக்கவாட்டுக்குக் காது கேட்காது. அந்தப் பக்கத்தை டிரம்ஸை நோக்கித் திருப்பிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். பாடகிக்குத் தனி மறைப்பு வேண்டாம், நல்ல பாய் ஒன்றைப் பின்னால் தொங்கவிட்டால் போதும்.

பதிவை 24 பிட்டில் வையுங்கள். உச்ச ஒலி மைனஸ் 12 டெசிபெல்லைத் தாண்டாதபடி அளவைக் குறைத்து வைத்தால், உணர்ச்சிவசப்பட்டு டிரம்ஸ்காரர் ஓங்கி அடித்தாலும் கெடாது. 96 கிலோஹெர்ட்ஸில் 16 ட்ராக்குகள் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 17 ஜிபி இடம் எடுக்கும். மின்தடைக்கு யுபிஎஸ் கட்டாயம். ஜெனரேட்டரை நம்பினால் அதன் உறுமலும் பதிவாகும்.

படி 8: பதிவு நாட்கள்

மூன்று நாள் போதும். முதல் நாளின் பாதி நேரம் மைக்குக்கே போய்விடும் என்பதால் அன்று சாட்டியை மட்டும் எடுங்கள். இரண்டாம் நாள் காலை பர்செல். பாடகியின் குரல் நன்கு திறந்த பிறகு, சுமார் 11 மணிக்கு. மூன்றாம் நாள் கீர்த்தனை. மின்விசிறியை ஓடவிட முடியாது. ஏசியை டேக்குகளுக்கு, அதாவது ஒரு முறை பதிவதற்கும் அடுத்த முறைக்கும், இடையில் மட்டும் போடலாம். அவ்வாறு போட்டு நிறுத்தும் ஒவ்வொரு முறையும் தந்திகளின் சுருதி நழுவும் என்பதால், ஒவ்வொரு டேக்குக்கு முன்னும் சுருதி பார்ப்பதைச் சடங்காகவே வைத்துக்கொள்ளுங்கள்.

கிளிக் (காதில் ஒலிக்கும் தாளத் துடிப்பு) போடலாமா என்று கேட்பார்கள். தந்திகள் நேராக வாசிக்கும் வேகமான பகுதிகளுக்கு மட்டும், முதல் 2 பார்களுக்குக் கொடுத்துவிட்டு நிறுத்திவிடுங்கள். புலம்பலுக்குக் கிளிக் போடுவது அழுகிறவரிடம் கடிகாரத்தைக் காட்டுவதைப் போன்றது.

ஓர் உருப்படிக்கு நான்கு முழு டேக்குகளுக்கு மேல் எடுக்காதீர்கள். தந்திகள் நான்காவது டேக்கில் மேம்படும். ஜாஸ் தனி வாசிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு டேக்குகளிலேயே உயிரோடு இருக்கும். இந்த முரண்தான் இந்த வகைப் பதிவின் மையச் சிக்கல். அதனால் முதலிரண்டு டேக்குகளில் முழுதாக வாசித்துவிட்டு, பிறகு தந்திகள் உள்ள பகுதிகளை மட்டும் திரும்ப எடுத்தோம். அப்போது சாக்ஸபோன்காரர் வெளியே திண்ணையில் சாயா குடித்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் இருந்த நிம்மதியை இன்னும் மறக்கவில்லை.

படி 9: தொகுத்தலும் மிக்ஸிங்கும்

எல்லாரும் ஒரே அறையில் வாசித்ததால் ஒவ்வொரு மைக்கிலும் மற்றவர்களும் கேட்பார்கள். ஒரு வயலினின் பிசகை மட்டும் வெட்டித் திருத்த முடியாது; டேக்கிலிருந்து டேக்குக்கு முழுக் குழுவாகவே தாவ வேண்டும். எழுதப்பட்ட பகுதிகளின் தொடக்கத்தில் வெட்டுங்கள். தனி வாசிப்பின் நடுவில் ஒருபோதும் வெட்டாதீர்கள். முதன்மை மைக் இரண்டையும் முதலில் தனியாகக் கேட்டு, குறைகிற இடத்தில் மட்டும் துணை மைக்கை ஏற்றுங்கள். பாஸ் பெரும்பாலும் அப்படித்தான் குறையும்.

வெளியீட்டுக்கு முந்தைய இறுதிச் சீரமைப்பான மாஸ்டரிங்கில் ஒலியை நசுக்கி உயர்த்த வேண்டாம். ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் மைனஸ் 14 லஃப்ஸ் (கேட்கும் ஒலியளவின் அலகு) என்ற அளவுக்குத் தாமே சரிசெய்துகொள்ளும். மைனஸ் 17, 18 என்றே விட்டாலும் இழப்பில்லை. பிரஷ்ஷின் உரசலும் வில்லின் மூச்சும் கேட்கும்.

படி 10: வெளியிடுதல்

விநியோகத் தளத்தின் படிவத்தில் இசையமைப்பாளர் இடத்தில் பர்செல், சாட்டி, நீலகண்ட சிவன் என்றும், இசை ஒழுங்கு செய்தவர் இடத்தில் உங்கள் பெயரும் இருக்க வேண்டும். ஒவ்வொரு ட்ராக்குக்கும் அந்தப் பதிவை அடையாளம் காட்டும், 12 எழுத்துள்ள ஐஎஸ்ஆர்சி எண் ஒன்று கிடைக்கும், விநியோகஸ்தரே தருவார். கலைஞர்கள் ஒன்பது பேரின் பெயரையும் வாத்தியத்தையும் அவர்கள் எழுதும் எழுத்துக்கூட்டலிலேயே நிரப்புங்கள்.

பொதுவுடைமையான மேற்கத்திய உருப்படிகளை யூடியூபில் ஏற்றினால், வேறு யாருடைய பதிவோ என்று தானியங்கி அமைப்பு உரிமை கோருவது வழக்கம். எங்கள் சாட்டிக்கு இரண்டாம் வாரத்திலேயே அப்படி வந்தது. மறுப்புத் தெரிவிக்கத் தேவையானவற்றை முன்கூட்டியே ஒரே உறையில் போட்டு வையுங்கள்: ஸ்கோரின் நகல், ஒன்பது பேரின் கையெழுத்திட்ட ஒப்பந்தங்கள், தேதி தெரியும்படி எடுத்த பதிவு அறைப் புகைப்படம், வெட்டாத மூல டேக்குகள் உள்ள ஹார்ட் டிஸ்க். எங்கள் டிஸ்க்கில் மூன்றாவது டேக்கின் முடிவில் மீன்காரரின் ஹாரன் இருக்கிறது. அந்த ஒரு டேக்கை மட்டும் 9:38-க்குத் தொடங்கியிருந்தோம்.